ஆர்கானிக் ஜப்லா: காகிதத்தில் பார்ப்பது எது, கையால் பார்ப்பது எது

கடைக்காரர் குழந்தைக்கான ஜப்லாவை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துக் காட்டி, "தொட்டுப் பாருங்க, ஆர்கானிக்னாலே இந்த வழவழப்புதான்" என்பார். அந்த வழவழப்பு வயலில் வந்ததல்ல. சாயப்பட்டறையில் கடைசித் தொட்டியில் போட்ட சிலிக்கோன் சாஃப்ட்னரில் வந்தது. மருந்தடிக்காமல் விளைந்த பஞ்சும் மருந்தடித்து விளைந்த பஞ்சும் நூலான பிறகு ஒரே செல்லுலோஸ்தான். தொட்டோ முகர்ந்தோ கொளுத்தியோ இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. கொளுத்தினால் வேறொன்று தெரியும்: காகிதம் எரிகிற வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பருத்தி, உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. அவ்வளவுதான்.

அதனால் வாங்கும்போது கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆர்கானிக்கா இல்லையா என்பதைக் காகிதத்தில், அதாவது லேபிளிலும் சான்றிதழிலும், பார்க்க வேண்டும். குழந்தையின் தோலுக்கு ஆகுமா என்பதைக் கையால் பார்க்க வேண்டும். முதலாவது இருந்தால் இரண்டாவது தானே வந்துவிடும் என்று நம்பித்தான் பலர் மூன்று மடங்கு விலை கொடுத்துவிட்டுக் கழுத்தைச் சுற்றித் தடிப்போடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

அந்தச் சொல் எதுவரை போகும்

ரசாயன உரம், செயற்கைப் பூச்சிமருந்து, மரபணு மாற்றிய விதை மூன்றும் இல்லாமல் விளைந்ததே ஆர்கானிக் பருத்தி. நிலத்தை மாற்றிய மறுநாளே அந்தப் பெயர் கிடைத்துவிடாது. இந்திய அரசின் ஆர்கானிக் சான்றளிப்புத் திட்டமான என்.பி.ஓ.பி. விதிப்படி பருத்தி போன்ற ஓராண்டுப் பயிருக்கு இரண்டு வருட மாறுதல் காலம் உண்டு. இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2002-இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு, நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுவே நிற்கிறது. பி.டி. அல்லாத விதை கிடைப்பதே பாடு. பக்கத்து வயலின் மகரந்தம், கொட்டை நீக்கும் ஜின்னிங் மில்லில் முந்தைய லோடின் மிச்சம் என்று யாரும் வேண்டுமென்று செய்யாமலேயே கலப்பு நுழையும். அதைக் கண்டுபிடிக்க ஐ.டபிள்யூ.ஏ. 32 என்ற சர்வதேசச் சோதனை முறை 2019-இல் வந்தது. பஞ்சு, சாயம் ஏறாத நூல், சாயம் ஏறாத துணி வரை அது செல்லும். சாயப்பட்டறையைத் தாண்டிய துணியில் சோதிக்கத்தக்க மரபணு மிஞ்சாது. கடையில் தொங்கும் ரோஜா நிற ஜப்லாவை ஆய்வகத்துக்கே அனுப்பினாலும் பதில் வராது.

இதனால்தான் காகிதத்துக்கு இத்தனை மதிப்பு. காகிதத்திலும் மோசடி நடந்திருக்கிறது. 2020 அக்டோபரில், ஆர்கானிக் துணிக்கு உலக அளவில் தரம் வகுக்கும் ஜி.ஓ.டி.எஸ். அமைப்பே இந்தியாவில் சுமார் 20,000 டன் பஞ்சுக்குப் போலிச் சான்றிதழ் புழங்கியதைக் கண்டுபிடித்து, 11 நிறுவனங்களை விலக்கியது. அரசின் இணையதளத்தைப் போலவே ஒரு போலித் தளம், அங்கே கொண்டுபோய் விடும் க்யூ.ஆர். கோடு எல்லாம் செய்து வைத்திருந்தார்கள். ஆகவே க்யூ.ஆர். கோடு இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். ஸ்கேன் செய்ததும் திறக்கும் பக்கத்தை நம்பாமல், ஜி.ஓ.டி.எஸ். தளத்துக்கு நீங்களே போய் அங்குள்ள பொதுப் பட்டியலில் உரிம எண்ணை அடித்துப் பாருங்கள்.

உடையில் தைத்த லேபிளில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: சட்டைச் சின்னம் போட்ட ஜி.ஓ.டி.எஸ். முத்திரை, அதன் தரநிலை, சான்றளித்த நிறுவனத்தின் பெயர், உரிம எண். தரநிலை இரண்டு உண்டு. ‘ஆர்கானிக்’ என்று மட்டும் இருந்தால் குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் இழை. ‘இத்தனை சதவீத ஆர்கானிக் இழையால் ஆனது’ என்று இருந்தால் குறைந்தது 70 சதவீதம். முத்திரை மட்டும் இருந்து எண் இல்லையென்றால் அது வெறும் படம்.

"கம்பெனிக்கு சர்டிபிகேட் இருக்குங்க" என்று ஒரு தாளைக் காட்டுவார்கள். அது பெரும்பாலும் ஸ்கோப் சர்டிபிகேட், திருப்பூர்ப் பேச்சில் எஸ்.சி. இந்த ஆலை ஆர்கானிக் உடை தைக்கத் தகுதியானது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. செல்லுபடி ஒரு வருடம். அதே ஆலை பக்கத்து மேசையில் சாதாரணப் பருத்தியும் தைக்கும். குறிப்பிட்ட சரக்கு ஆர்கானிக் என்பதற்கு டிரான்சாக்ஷன் சர்டிபிகேட், அதாவது டி.சி. வேண்டும். மொத்தமாக வாங்கி விற்கும் சிறு பிராண்டு நடத்துபவரிடம் டி.சி. இருக்கும், கேட்டால் காட்டுவார். மழுப்பினால் புரிந்துகொள்ளலாம்.

மற்ற முத்திரைகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஓ.சி.எஸ். என்ற ஆர்கானிக் முத்திரை பஞ்சு வந்த வழியை மட்டும் தொடர்கிறது. சாயம், பிரிண்ட், வெளுப்பு பற்றி அதற்குக் கவலையில்லை. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 நேர் எதிர்: பஞ்சு எப்படி விளைந்தது என்று கேட்காது, முடிந்த துணியில் என்ன நஞ்சு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கும். அதில் முதல் வகுப்பு மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. ஃபார்மால்டிஹைடு கண்டறியும் வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும், அமில-கார அளவான பி.எச். 4.0 முதல் 7.5-க்குள் நிற்க வேண்டும், எச்சிலில் சாயம் போகக் கூடாது. ஜி.ஓ.டி.எஸ். இரண்டு பக்கத்தையும் தொடுகிறது. குளோரின் வெளுப்பு கூடாது, பி.வி.சி. பிரிண்ட் கூடாது, பட்டனில் நிக்கல் கூடாது, சாயக்கழிவு நீரைச் சுத்திகரித்தாக வேண்டும். கடைசியில் சொன்னதன் அருமை திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் கரைக்காரர்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது அந்தத் தண்ணீருக்காகத்தான்.

என் கணக்கு இது: பட்ஜெட் இடிக்கிறது என்றால், எண் இல்லாத ‘ஆர்கானிக்’கை விட ஓகோ-டெக்ஸ் முதல் வகுப்பு முத்திரையுள்ள சாதாரணப் பருத்தி குழந்தைக்கு நல்லது. மண்ணுக்கும் விவசாயிக்கும் சேர்த்துப் பார்ப்பவர்கள் ஜி.ஓ.டி.எஸ். பக்கம் போகலாம். ‘நேச்சுரல்’, ‘ஈகோ’, ‘ப்யூர்’, ‘பேபி சேஃப்’ எல்லாம் அச்சகத்தில் பிறந்த சொற்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்த குழந்தையின் ஜப்லாவுக்கு வெட்டுக்கழிவோடு சேர்த்து 40, 50 கிராம் துணி போதும். கால் வரை மூடும் ரோம்பருக்கு 100 கிராம். ஆர்கானிக் நூல் கிலோவுக்கு 100 ரூபாய் கூடினாலும் ஜப்லாவில் 5 ரூபாய், ரோம்பரில் 10 ரூபாய்தான் கூடுகிறது. சிறு லாட்டாகச் சாயம் போடுவது, சான்றிதழ் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். மற்றபடி நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது அந்த அட்டைப்பெட்டிக்கும் சணல் நாடாவுக்கும்தான்.

துணி

கையால் பார்க்கும் வேலை இங்கே தொடங்குகிறது. குழந்தை உடைக்கு வரும் பின்னல் துணிகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒரு பக்கம் வரியும் மறுபக்கம் வளையமுமாகத் தெரிந்தால் சிங்கிள் ஜெர்சி. இரு பக்கமும் ஒரே மாதிரி வழுவழுப்பாக, வெட்டிய ஓரம் சுருளாமல் இருந்தால் இன்டர்லாக். பிறந்த குழந்தைக்கு இன்டர்லாக்தான் என்று வெளிநாட்டுப் பட்டியல்களைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஊட்டிக்கும் ஓயாமல் ஏ.சி. ஓடும் அறைக்கும் சரி. 180 ஜி.எஸ்.எம்.முக்கு மேல் போகும் அந்தத் துணியை மே மாதச் சென்னையில் போட்டால் குழந்தைக்கு வேர்க்குரு நிச்சயம். நம் ஊர் வெயிலுக்கு 130 முதல் 150 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சியோ, இரட்டை அடுக்கு மஸ்லினோ போதும்.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. ஆலையில் வட்டக் கத்தியால் 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி, எடைபோட்டு நூறால் பெருக்குவார்கள். வீட்டில் சுற்றும் துணியை வைத்தே பார்க்கலாம்: ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் துணியைச் சமையலறைத் தராசில் வைத்தால் காட்டும் கிராம்தான் ஜி.எஸ்.எம். அட்டையில் 140 என்று போட்டு 115 காட்டினால் இரண்டு மாதத்தில் வலைபோல் ஆகிவிடும்.

அடுத்து, உடையைத் தோள் இரண்டிலும் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் நேராக இறங்காமல் வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தால் நூலின் முறுக்கு அடங்கவில்லை. துவைக்கத் துவைக்க இன்னும் திரும்பும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தடித்த நூல், மெலிந்த நூல், ஊசி விட்ட கோடு எல்லாம் தெரியும். கோம்பிங் செய்த, அதாவது நூற்குமுன் பஞ்சைச் சீவிய நூலில் குட்டை இழை நீங்கியிருக்கும். பரப்பு மழமழவென்று இருக்கும். அப்படிச் சீவாத கார்டு நூலில் ரோமம் சிலிர்க்கும், அதை மறைக்க பயோவாஷ் என்ற என்சைம் அலசல் போடுவார்கள். என்சைம் ரோமத்தைத் தின்றுவிடும். முதல் பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஐந்தாவது துவையலில் அக்குள் பக்கம் உருண்டை கட்டும்போது வித்தியாசம் வெளியே வரும்.

ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் வாங்கியபின் வீட்டில். சொட்டு ஓரிரு விநாடியில் உள்ளே போய்விட வேண்டும். முத்துப்போல் மேலே நின்றால் சாஃப்ட்னர் அதிகம், வியர்வையையும் அது அப்படியே நிறுத்தும். வெளுக்காத துணியில் தயாரித்த நாப்கினிலும் முத்து நிற்கும். அங்கே காரணம் பஞ்சின் சொந்த மெழுகு. அந்தத் துணியில் ஆங்காங்கே பழுப்புப் புள்ளி தெரியும், பருத்திக்கொட்டைத் தோல். அழுக்கு அல்ல. நான்கைந்து முறை சுடுதண்ணீரில் அலசினால் மெழுகு இறங்கி உறிஞ்ச ஆரம்பிக்கும். முதல் நாளே "ஈரமே இழுக்கலை" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள், பாவம்.

சாயம்

பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் சோடா சாம்பல் கரைசலில்தான் நூலைப் பிடிக்கும். பிடித்தபின் கொதிநிலைக்குப் பக்கத்தில் சோப்பில் அலசி, அசிட்டிக் அமிலத்தில் காரத்தை முறிக்க வேண்டும். தண்ணீரும் விறகும் விலையேறிய காலத்தில் ஒரு அலசலைக் குறைத்துக்கொள்ளும் ஆசை எவருக்கும் வரும். குறைத்தால் இரண்டு விளைவு: ஒட்டாத சாயம் துணியிலேயே தங்கி வாயில் வைத்துச் சப்பும்போது இறங்கும், காரம் தங்கி, இயல்பில் லேசான அமிலத்தன்மை உள்ள தோலைச் சிவக்க வைக்கும். குழந்தையின் தடிப்புக்கு ‘பருத்தி ஒத்துக்கலை’ என்று பழி போடுவதற்குமுன் இந்த அலசலை நினையுங்கள்.

வீட்டுச் சோதனை எளிது. வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கிப் பிழிந்து, உடையின் உள்பக்கத் தையல் ஓரத்தில் அழுத்தி இருபது முறை தேயுங்கள். பிறகு அதே ஈரத்தோடு உடைக்குள் வைத்து மடித்து, தண்ணீர் நிரப்பிய டம்ளரை மேலே பாரமாக ஏற்றி இரவெல்லாம் வையுங்கள். காலையில் கைக்குட்டையில் நிறம் இருந்தால் அந்த உடை வாய்க்குப் போகிற வயதுக்கு ஆகாது. அடர் சிவப்பு, நேவி, கறுப்பு மூன்றும் நல்ல பட்டறையிலேயே ஈரத்தேய்ப்பில் சறுக்குபவை. ஒரு வயது வரை அவற்றைத் தொடாமலே இருப்பது உத்தமம்.

‘மூலிகைச் சாயம்’ என்பதும் தானாகவே பாதுகாப்பு ஆகிவிடாது. சாயம் பிடிக்க எதைச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். படிகாரம் என்றால் சரி. மயில்துத்தமோ குரோமியமோ என்றால் வேண்டாம். மஞ்சளில் தோய்த்த ஜப்லா பார்க்க மங்களகரமாக இருக்கும். பார் சோப்பு போட்ட இடமெல்லாம் குங்குமச் சிவப்பாகத் திட்டுத்திட்டாக மாறும், வெயிலில் காய்ந்ததும் வெளிறும். மஞ்சள் காரத்தில் சிவப்பது இயல்பு, துணியின் குற்றமில்லை.

பிரிண்டை இரு கையால் இழுத்துப் பாருங்கள். ரப்பர் தகடுபோல் ஒட்டியிருந்து வெடித்தால், நெஞ்சுக்கு நேரே காற்றுப் புகாத ஒரு பலகையைக் கட்டுகிறீர்கள். துணியின் நெசவு பிரிண்டுக்கு மேலும் தெரிகிற, தண்ணீர் அடிப்படை மையில் அடித்த சிறு உருவங்கள் போதும்.

தையல்

உடையை உள்பக்கம் புறமாகத் திருப்பாமல் எந்தக் குழந்தை உடையையும் வாங்காதீர்கள். வெளிப்பக்கம் வாங்குபவருக்கு, உள்பக்கம்தான் குழந்தைக்கு. ஓவர்லாக் தையலின் முடிவில் தொங்கும் நூல்வால் காலுறையிலும் கையுறையிலும் ஆபத்து: விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும், குழந்தை ஏன் அழுகிறது என்று மணிக்கணக்கில் தெரியாது. வெட்டிவிடுங்கள். எம்பிராய்டரியின் பின்னால் ஒட்டிய தாள் சொரசொரவென்று இருந்தால், மென்துணி ஒட்டி மூடியிருக்கிறார்களா பாருங்கள். கழுத்து லேபிளுக்குப் பதில் அச்சு இருந்தால் மேல். தைத்த லேபிளைக் கத்தரியால் நறுக்கினால் மிஞ்சும் அரை சென்டிமீட்டர் முனைதான் அதிகம் குத்தும். தையலைப் பிரித்தே எடுங்கள்.

பிரஸ் பட்டன் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். சிங்கிள் ஜெர்சியில் நேராகக் குத்திய பட்டன் பதினைந்து இருபது முறை திறந்து மூடியதும் துணியில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு கையோடு வரும். கழன்ற பட்டன் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டைக்குள் இரட்டைத் துணியோ நடுவே ஒரு கேன்வாஸ் துண்டோ வைத்துக் குத்தியிருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் தடிமன் தெரியும். ஏற்றுமதிச் சரக்கில் வழக்கமாக 90 நியூட்டன், ஏறத்தாழ 9 கிலோ விசையில் 10 விநாடி இழுத்துப் பார்ப்பார்கள். நீங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு பலமாக இழுங்கள். பட்டனைச் சுற்றித் துணி விரிந்து கண் தெரிந்தால் வேண்டாம்.

தொப்பியிலும் கழுத்திலும் கயிறு வைத்த உடையை எந்த அழகுக்காகவும் வாங்காதீர்கள். ஐரோப்பாவின் இ.என். 14682 தரம் ஏழு வயதுக்குட்பட்டோருக்கு அதை முழுதாகத் தடுக்கிறது. தூளியின் கொக்கியிலும் சறுக்குமரத்தின் இடுக்கிலும் சிக்குவது அந்தக் கயிறுதான்.

திருப்பூர் காதர்பேட்டையிலோ, ஏற்றுமதியில் ஒதுக்கியதை விற்க ஊர் ஊராக விரிந்திருக்கும் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடையிலோ வாங்கினால், லேபிள் பாதி வெட்டிய உடைதான் கிடைக்கும். ஆர்கானிக் என்று நிரூபிக்க அங்கே வழியில்லை. துணி மட்டும் முதல் தரமாக இருக்கலாம். எதற்காக ஒதுக்கினார்கள் என்று தேடுங்கள். நிற வேறுபாடோ அளவு மாறியதோ என்றால் கவலையில்லை. ஊசி ஓட்டையும் பட்டன் கோளாறும் கவலை. அமெரிக்காவுக்குத் தைத்த இரவு உடை உடம்போடு ஒட்டி, ஒரு அளவு சிறியதுபோல் இருக்கும். வெட்டுமாஸ்டர் தப்பல்ல. 9 மாதத்துக்கு மேற்பட்ட அளவுகளில் தீத்தடுப்பு ரசாயனம் போடாத பருத்தி இரவு உடை இறுக்கமாக இருந்தாக வேண்டும் என்பது அங்கத்திய விதி. ஒரு அளவு பெரியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு, எண்ணிக்கை

வயதை நம்பாமல் உயரத்தை நம்புங்கள். 50, 56, 62, 68 என்று போகும் ஐரோப்பிய அளவு குழந்தையின் உயரம், சென்டிமீட்டரில். இரண்டரை, மூன்று கிலோவில் பிறக்கும் நம் குழந்தைகளுக்கு 50 சரியாக இருக்கும், ஆனால் ஒரு மாதம்தான். அதில் நான்கு, 56-இல் எட்டு என்று எடுத்தால் போதும். துணி நாப்கின் இருபது, சுற்றும் துணி ஐந்து.

பின்னல் துணி 5 சதவீதம் சுருங்குவது சகஜம். ஆலையிலேயே துணியைச் சுருக்கி நிலைப்படுத்தும் கம்பாக்டிங்கைச் சரியாகச் செய்யாததில் 10 வரை போகும். 40 சென்டிமீட்டர் ரோம்பரில் அது 4 சென்டிமீட்டர். கால் நடுவே பட்டன் போடவே வராது. துவைக்குமுன் அளந்து அட்டையில் குறித்து, துவைத்தபின் மறுபடி அளந்தால் அந்த பிராண்டில் அடுத்தமுறை எந்த அளவு வாங்குவது என்று தெரிந்துவிடும்.

உடையின் கழுத்தை இழுத்து டேப்பால் சுற்றளவு பாருங்கள். பிறக்கும்போது தலைச்சுற்று 34 சென்டிமீட்டர் சொச்சம், ஒரு வயதில் 45, 46. இழுத்த கழுத்து அதைவிட நாலைந்து சென்டிமீட்டர் கூடுதலாக வேண்டும். முதல் மூன்று மாதம் தலைவழியே மாட்டாத, முன்பக்கம் கட்டும் ஜப்லாவே தாய்க்கும் பாட்டிக்கும் நிம்மதி. பிறகு தோளில் ஒன்றன்மேல் ஒன்று மடியும் கழுத்து நல்லது: மலம் முதுகு வரை ஏறிய நாளில் உடையைத் தலைவழியே கழற்றாமல் கீழ்வழியே உருவிவிடலாம். தவழத் தொடங்கியதும் கணக்கு மாறும். முழங்காலுக்கு 180 ஜி.எஸ்.எம்., இடுப்பில் துணி மூடிய எலாஸ்டிக், கழிப்பறை பழக்கும் வயதில் பட்டனே இல்லாத கால்சட்டை.

துவைப்பதும் வைப்பதும்

புது உடையைப் போடுமுன் இரண்டு முறை துவையுங்கள். சாஃப்ட்னர் மிச்சம், மாவுத்தூசு, தண்ணீரில் கரையும் ஃபார்மால்டிஹைடு எல்லாம் பெரும்பாலும் அதில் போய்விடும். போர்வெல் உப்புத் தண்ணீரில் பார் சோப்பு நுரைக்காமல் திப்பியாகத் துணியிலேயே படியும். பலகைபோல் விறைப்பது அதனால்தான். திரவ டிடர்ஜென்ட் கொஞ்சமாகப் போட்டு, ஒரு அலசல் கூட்டுங்கள். துணி மென்மையாக்கி வேண்டாம், காசு கொடுத்து உறிஞ்சும் தன்மையைக் கெடுப்பது அது.

பழைய வேட்டியைக் கிழித்துக் குழந்தைக்குப் போடுவதைக் கேலி செய்பவர்கள் உண்டு. நூறு முறை துவைத்து எல்லாம் இறங்கிப்போன அந்தத் துணிக்கு ஈடான ஆர்கானிக் கிடையாது என்றுகூடச் சொல்வேன். ஆனால் அது எங்கே கிடந்தது என்று பாருங்கள். பெட்டியில் பாச்சை உருண்டையோடு கிடந்த துணி, அண்ணன் குழந்தை போட்ட ஸ்வெட்டர் எதையும் அப்படியே எடுத்துப் போட்டுவிடக் கூடாது. ஜி6பிடி என்சைம் குறைவோடு பிறந்த குழந்தைக்கு அந்த உருண்டையின் நாப்தலீன் ஆவி பட்டால் இரத்தச் சிவப்பணு சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். அந்தக் குறைவு இருப்பது வீட்டில் முன்கூட்டித் தெரிந்திருக்காது. அந்த உருண்டையை வீட்டைவிட்டே அகற்றுங்கள். துணியை இரண்டு முறை துவைத்து நல்ல வெயிலில் நாள் முழுக்கப் போடுங்கள். மூக்கருகே வைத்து வாடை லேசாக வந்தாலும் மறுபடி ஊறப்போடுங்கள்.